உறையில் ஒரு புரதம் குறைந்தால்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூரிலும் போச்சம்பள்ளியிலும் கறவை மாடு வைத்திருக்கும் வீடுகளில் நட்டக் கணக்கு பெரும்பாலும் இரண்டு பேச்சில் முடிந்துவிடும். ‘சினை நிக்கல’ என்பது ஒன்று. ‘கன்னு வீசிடுச்சு’ என்பது மற்றொன்று. வீட்டு ஆண்கள் சிப்காட் ஆலைக்கோ கிரானைட் பட்டறைக்கோ போய்விட, இரண்டு கலப்பின மாடுகளை வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் பெண்களுக்கு இந்த இரண்டில் எது நேர்ந்தாலும் ஒரு ஈற்றின் வருமானம் போயிற்று. ஏழு மாதச் சினையில் கன்று விழுந்த மாட்டுக்கும் தீவனம் போட்டுத்தான் ஆகவேண்டும்.

காரணங்கள் பல. தாது உப்புக் குறைவு, நேரம் தவறிப் போட்ட சினை ஊசி, புருசெல்லா கிருமி ஆகியவற்றைப் பற்றிக் கால்நடை மருத்துவமனைச் சுவரொட்டிகளே சொல்கின்றன. அந்தப் பட்டியலில் கடைசியாக வந்துபோகும் ஒன்று, மாட்டு ஹெர்பஸ் வைரஸ்-1. அது உண்டாக்கும் நோய்க்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் சுருக்கப் பெயர் ஐ.பி.ஆர். மூக்கிலும் மூச்சுக்குழலிலும் அழற்சி, 40 முதல் 42 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சல், சிவந்த மூக்கு, கண்ணீர் வடியும் கண், திடீரென்று குறையும் பால் ஆகியவை வெளித்தெரியும் குறிகள். இவை ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். கன்று வீசுவது பெரும்பாலும் அதற்குச் சில வாரங்கள் கழித்து, சினையின் நான்காம் மாதத்துக்கும் எட்டாம் மாதத்துக்கும் இடையில் நடக்கும். அப்போது பழைய சளிக்காய்ச்சலை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்தியாவில் இந்த நோய் முதன்முதலாக 1976இல் உத்தரப் பிரதேசத்துக் கன்றுகளில் பதிவானது. 1980களில் தமிழ்நாட்டு மாடுகளின் சீரத்திலும் இதற்கான எதிர்ப்பொருள் கண்டறியப்பட்டது. 1996இல் பெங்களூரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, தென்மாநில மாடுகளிலும் எருமைகளிலும் இது பரவலாக இருப்பதைக் காட்டியது. ஆக, வைரஸ் நமக்குப் புதிதன்று. அதன் மேலுறையில் இருக்கும் புரதங்களைப் பற்றிய அறிவு கொட்டகை வரை வந்து சேரவில்லை என்பதுதான் குறை. அந்தப் புரதங்களில் ஒன்றைப் புரிந்துகொண்டால், இந்த வட்டாரத்தில் எந்தத் தடுப்பூசியைப் போடலாம், எதைப் போடவே கூடாது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

எல்லா ஹெர்பஸ் வைரஸ்களுக்கும் கட்டமைப்பு ஒன்றே. நடுவில் இரட்டை இழை டி.என்.ஏ., அதைச் சுற்றி 162 கூறுகளால் ஆன இருபது முகக் கூடு, கூட்டைச் சுற்றி இடைப்புரதப் படலம், எல்லாவற்றுக்கும் வெளியே கொழுப்பாலான மேலுறை. இந்த மேலுறையை வைரஸ் தானாகச் செய்துகொள்வதில்லை. மாட்டின் செல்லிலிருந்து சவ்வை எடுத்துக்கொண்டு, அதில் தன் புரதங்களைப் பதிக்கிறது. சர்க்கரை இணைந்த புரதங்கள் ஆதலால் இவற்றைக் கிளைக்கோபுரதங்கள் என்கிறோம். மாட்டு ஹெர்பஸ் வைரஸ்-1இல் பத்துக்கும் மேற்பட்டவை உண்டு. ஜி-பி, ஜி-சி, ஜி-டி, ஜி-ஈ என்று ஆங்கில எழுத்து வரிசையில் அவற்றுக்குப் பெயர்.

மாட்டின் மூக்குச் சவ்வில் வைரஸ் வந்து விழுந்ததும் முதலில் வேலைக்கு வருவது ஜி-சி. செல்லின் மேற்பரப்பில் உள்ள ஹெப்பரான் சல்ஃபேட் என்னும் சர்க்கரைச் சங்கிலியை அது பற்றிக்கொள்ளும். இந்தப் பிடி இளக்கமானது. வைரஸ் வழுக்கிக்கொண்டு நகரலாம், விடுபடவும் செய்யலாம். அடுத்து ஜி-டி, நெக்டின்-1 என்னும் ஏற்பியைக் கண்டு இறுகப் பிணைகிறது. அந்தப் பிணைப்பால் ஜி-டியின் வடிவம் மாறுகிறது, மாற்றத்தின் செய்தி ஜி-ஹெச், ஜி-எல் என்ற இணைக்குப் போகிறது, அங்கிருந்து ஜி-பிக்கு. இறுதி வேலை ஜி-பியுடையது. மடங்கிக் கிடந்த அது மடக்குக் கத்தி போல விரிந்து, தன் நுனியைச் செல்சவ்வில் செருகி, மீண்டும் மடங்கி இரண்டு சவ்வுகளையும் இழுத்து ஒட்டவைக்கிறது. உறை செல்லோடு கலந்துவிட, கூடு மட்டும் உள்ளே போகிறது. முகத்தில் வரும் ஹெர்பஸ் கொப்புளத்திலும், கொசுவலைக்குள் படுக்கவைக்கும் சின்னம்மைக் குழந்தையின் உடலிலும் ஜி-பி செய்வது இதே வேலைதான். ஜி-டி அப்படியன்று, சின்னம்மை வைரஸிடம் அந்தப் புரதமே கிடையாது. சவ்வுகளை இணைக்கும் கருவி மாறாமல் நிற்க, எந்தச் செல்லில் நுழைவது என்று தேரும் கருவிதான் வைரஸுக்கு வைரஸ் மாறுகிறது.

உள்ளே போன கூடு செல்லின் உட்கருவை அடைந்து, டி.என்.ஏ.வை அதற்குள் செலுத்துகிறது. புதிய கூடுகள் உட்கருவுக்குள்ளேயே கட்டப்படுகின்றன. அவை வெளியேறும் விதம் ஆய்வாளர்களைப் பல ஆண்டுகள் வாதிட வைத்தது. கூடு முதலில் உட்கருவின் உள்சவ்வைப் போர்த்திக்கொண்டு பிதுங்குகிறது. பிறகு வெளிச்சவ்வோடு இணைந்து அந்த முதல் உறையைக் கழற்றிவிடுகிறது. வெற்றுக் கூடாகச் செல்லின் உடலத்துக்கு வந்து, இடைப்புரதங்களைச் சேர்த்துக்கொண்டு, கோல்கி உறுப்பை ஒட்டிய பைகளில் இரண்டாம் முறை உறை அணிகிறது. நிலைப்பது இந்த இரண்டாம் உறைதான். கிளைக்கோபுரதங்கள் எல்லாம் அந்தப் பைகளில் முன்பே வந்து காத்திருக்கின்றன. அந்த இடத்துக்கு ஒரு புரதம் வரவில்லை என்றால் வெளியேறும் வைரஸின் உறையிலும் அது இருக்காது.

கொழுப்பாலான உறை என்பதில் நமக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. சோப்புக் கரைசல், அயோடின், பீனால் வகைக் கிருமிநாசினி எதுவும் இந்த உறையைக் குலைத்துவிடும். உறை குலைந்த வைரஸால் தொற்ற முடியாது. கொட்டகைத் தரையையும் தண்ணீர்த் தொட்டியையும் கழுவுவது வெறும் சம்பிரதாயம் அல்ல என்பதற்கு இதைவிட நேரான காரணம் வேண்டியதில்லை.

நுழைவதும் பெருகி வெளியேறுவதும் எந்த வைரஸும் செய்யக்கூடிய காரியம். ஹெர்பஸ் குடும்பத்தைத் தனியாக நிறுத்துவது அதன் உறக்கம். மூக்குச் சவ்வில் பெருகிய வைரஸ், அங்கு முடியும் நரம்பு நுனிகளில் புகுந்து, நரம்பிழை வழியே பின்னோக்கிப் பயணம் செய்து, மண்டை ஓட்டுக்குள் இருக்கும் முப்பெரு நரம்பின் முடிச்சை அடைகிறது. பிறப்புறுப்பு வழியாக வந்ததென்றால் இடுப்புப் பகுதி நரம்பு முடிச்சுகளில் தங்குகிறது. அங்கே புரதம் எதையும் பெரிதாக உற்பத்தி செய்யாமல், டி.என்.ஏ.வாக மட்டும் மாட்டின் ஆயுள் முழுவதும் கிடக்கும். எதிர்ப்பொருளால் அதைத் தொட முடியாது, மருந்தும் எட்டாது. மாடு நலமாகத் தெரியும்.

உறங்கும் வைரஸை எழுப்புவது மாட்டுக்கு வரும் அலைக்கழிப்பு. கன்று ஈனுதல், வேறு நோய், ஸ்டீராய்டு ஊசி, நெடுந்தூர லாரிப் பயணம் எல்லாமே அதில் அடங்கும். ஆய்வகத்தில் உறங்கும் வைரஸை எழுப்ப டெக்ஸாமெத்தசோன் ஊசியைத்தான் போடுகிறார்கள். பர்கூர் எங்கே இருக்கிறது என்பதை இந்த இடத்தில் நினைக்க வேண்டும். சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலை ஊரைத் தொட்டுப் போகிறது. கிழக்கே திருப்பத்தூர், வடக்கே ஆந்திரத்தின் குப்பம், மேற்கே ஓசூரைத் தாண்டினால் கர்நாடகம். போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பொங்கல் முடிந்ததும் ஊருக்கு ஊர் எருது விடும் விழா. மூன்று மாநிலக் காளைகள் ஒரே தெருவில் ஓடும். வண்டியில் நின்றுகொண்டே வந்த, பழக்கமில்லாத இடத்தில் கட்டப்பட்ட, வேறு ஊர் மாட்டோடு மூக்கும் மூக்கும் உரசும் மாட்டுக்கு இதைவிட அலைக்கழிப்பு வேறென்ன? நரம்பு முடிச்சில் வைரஸ் எழுந்து, வந்த வழியே முன்னோக்கித் திரும்பி, மூக்கில் வந்து கொட்டத் தொடங்கும். வாங்கியவர் வீட்டில் முன்பே நின்ற சினைமாடு அதை மோந்துகொள்ளும். (ஒரு தெளிவுக்காக: ‘பர்கூர் மாடு’ என்று பெயர்பெற்ற செவலை இனம் ஈரோடு மாவட்டத்து அந்தியூர் மலைக்குரியது. இந்தப் பர்கூர்க் கொட்டகைகளில் நிற்பவை பெரும்பாலும் ஜெர்சி, ஹெச்.எஃப். கலப்பினங்கள்.)

உறங்கி எழுந்த வைரஸ் மூக்கு வரை திரும்பிவர எது வேண்டும்? இங்கேதான் ஜி-ஈ வருகிறது.

ஜி-ஈ ஒரு விநோதமான புரதம். ஆய்வகத்துத் தட்டில் வளரும் செல்களில் வைரஸை விட்டால், ஜி-ஈ இல்லாமலே அது பெருகும். நுழைய அது தேவையில்லை, உறை அணியவும் கட்டாயமில்லை. ஆகவே நெடுநாள் தட்டிலேயே வளர்க்கப்பட்ட சில வைரஸ்கள் அதைக் கைவிட்டுவிட்டன. ஹங்கேரியில் அடோர்யான் பார்த்தா 1961இல் பன்றிகளின் பொய்வெறி நோய் வைரஸைத் திரும்பத் திரும்ப வளர்த்து, நோய் உண்டாக்காத ஒரு வகையைப் பெற்றார். அவர் பெயரையே தாங்கிய அந்தத் தடுப்பூசி வகையில் ஜி-ஈ மரபணு இல்லை என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. 1990களில் நெதர்லாந்தின் லெலிஸ்டாட் ஆய்வாளர்கள் மாட்டு வைரஸிலும் இதையே கண்டார்கள்: பழைய முறையில் வலுக்குறைத்த ஒரு வகை, ஜி-ஈயைத் தானாகவே இழந்திருந்தது. இரண்டு வைரஸ், இரண்டு நாடு, கைவிட்டது ஒரே புரதத்தை. கண்ணாடித் தட்டில் வேண்டாததாக இருந்த ஒன்று உயிருள்ள விலங்கில் எவ்வளவு முக்கியம் என்பதை இதற்குமேல் யாரும் நிரூபிக்கத் தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

விலங்கின் உடலில் ஜி-ஈ, ஜி-ஐ என்ற இணையோடு சேர்ந்து நிற்கிறது. ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு, வெளியே எதிர்ப்பொருளின் கையில் சிக்காமல், சந்து வழியாகவே வைரஸைக் கடத்துவது இந்த இணையின் வேலை. மனித ஹெர்பஸ் வைரஸில் இந்த இணை எதிர்ப்பொருளின் வால் பகுதியையே பிடித்து அதைச் செயலிழக்கச் செய்கிறது. நரம்பு செல்லின் உடலிலிருந்து இழையின் நுனி வரை முன்னோக்கிப் போவதற்கும் ஜி-ஈ வேண்டும். அமெரிக்காவின் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷஃபிகுல் சௌத்ரியின் குழு இதை மாட்டுக் கன்றுகளிலேயே சோதித்தது. ஜி-ஈ நீக்கிய வைரஸும் மூக்கிலிருந்து நரம்பு முடிச்சுக்குப் போனது, உறங்கியது, டெக்ஸாமெத்தசோன் ஊசிக்கு எழுந்தது. ஆனால் மூக்குக்குத் திரும்பி வரவில்லை. போகும் வழி திறந்திருந்தது, வரும் வழி அடைபட்டுவிட்டது. பார்த்தாவின் பன்றி வைரஸும் நரம்பில் ஒரே திசையில்தான் போகும். அந்தக் குணத்துக்காகவே மூளையில் எந்த நரம்பு எதோடு இணைந்திருக்கிறது என்று வரைந்து பார்க்க நரம்பியலாளர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

மனிதர்களுக்கான மருத்துவத்தில் இதே பெயருள்ள புரதம் நேர் எதிரான வேலைக்கு வந்திருக்கிறது. சின்னம்மை வைரஸ் பல ஆண்டுகள் உறங்கி எழுந்தால் வருவது அக்கி. நம் ஊர்களில் குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதிக்கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த அக்கிக்கு எதிராக 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று 2023இல் இந்தியாவுக்கு வந்த ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியில் வைரஸே கிடையாது. அந்த வைரஸின் ஜி-ஈ புரதம் மட்டும்தான் இருக்கிறது, கூடவே நோயெதிர்ப்பைத் தூண்டும் ஒரு துணைப்பொருள். சின்னம்மை வைரஸின் உறையில் மிகுதியாக இருப்பதும் ஜி-ஈ, அது இல்லாமல் அந்த வைரஸால் பெருகவும் முடியாது. மனிதனுக்கு ஜி-ஈயை மட்டும் கொடுக்கிறோம், மாட்டுக்கு ஜி-ஈயை மட்டும் எடுத்துவிட்டு மற்றதைக் கொடுக்கிறோம். இரண்டும் சரி. மனிதரில் தேவை ஒருவரைக் காப்பது. மாட்டு மந்தையில் தேவை, எந்த மாட்டில் உண்மையான வைரஸ் உறங்குகிறது என்று எப்போதும் கண்டுபிடிக்க முடிவதும் சேர்த்து.

அந்தக் கண்டுபிடிப்பை ஒரு பரிசோதனைத் தட்டில் கண்ணால் பார்க்கலாம். எலிசா என்னும் எதிர்ப்பொருள் பரிசோதனையின் தட்டில் 96 சிறு குழிகள். ஜி-பி தட்டின் குழிகளில் வைரஸின் புரதம் பூசப்பட்டிருக்கும். மாட்டின் சீரத்தை ஊற்றி, சிறிது நேரம் வைத்து, கழுவி, ஜி-பியை மட்டும் பிடிக்கும், நொதி இணைத்த எதிர்ப்பொருளை விட்டு, நிறம் தரும் கரைசலைச் சேர்ப்பார்கள். மாட்டின் சீரத்தில் முன்பே எதிர்ப்பொருள் இருந்தால் அது இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும், நிறம் வராது. தொற்றே படாத மாடு என்றால் குழி நீலமாகி, அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகும். ஆக, வெளிறிய குழி தான் கவலைக்குரியது. பக்கத்தில் இதே மாட்டின் சீரத்தோடு ஜி-ஈ தட்டு. இரண்டு தட்டிலும் நிறம் வந்தால் மாடு தொற்றும் தடுப்பூசியும் அறியாதது. இரண்டிலும் வெளிறினால் உண்மையான வைரஸ் அந்த மாட்டுக்குள் இருக்கிறது. ஜி-பியில் வெளிறி ஜி-ஈயில் மஞ்சள் வந்தால், அது ஜி-ஈ நீக்கிய தடுப்பூசி போட்ட மாடு. தடுப்பூசி பெற்றதையும் தொற்றுப் பெற்றதையும் இப்படிப் பிரித்தறியும் முறைக்கு டச்சு ஆய்வாளர் யான் வான் ஒய்ர்ஷாட் 1999இல் ‘டிவா’ என்று பெயர் வைத்தார். தொற்றின் தொடக்க நாட்களில் ஜி-ஈ பரிசோதனை சற்றுத் தாமதமாகவே வெளிறும்; அதனால் ஒரே ஒரு முறை எடுத்த சீரத்தை நம்பி ஒரு மாட்டைத் தூயதென்று சொல்லிவிடக் கூடாது.

ஐரோப்பா இரண்டு வழியில் நடந்தது. சுவிட்சர்லாந்தும் டென்மார்க்கும் ஆஸ்திரியாவும் தடுப்பூசியை நம்பாமல், எதிர்ப்பொருள் கண்ட மாடுகளை நீக்கியே நோயை ஒழித்தன. தொற்று மிகுந்திருந்த ஜெர்மனி ஜி-ஈ நீக்கிய தடுப்பூசியோடு பரிசோதனையையும் சேர்த்து நடத்தி, 2017இல் நாடு முழுவதும் நோயற்ற நிலையை அடைந்தது. நெதர்லாந்து 1998இல் கட்டாயத் திட்டம் தொடங்கியது. மறு ஆண்டே தடுப்பூசியின் சில தொகுதிகளில் வேறொரு மாட்டு வைரஸ் கலந்திருந்தது தெரியவர, திட்டம் நின்றது. அறிவியல் சரியாக இருந்தும் உற்பத்தியில் பிழை நேர்ந்தால் உழவரின் நம்பிக்கை போய்விடும் என்பதை அந்த நாடு விலை கொடுத்துக் கற்றது.

நாம் மாடுகளை நீக்கும் வழியில் போக முடியாது. இரண்டு மாடு வைத்திருப்பவரிடம் ஒன்றை அகற்று என்று சொல்வது பாதிச் சொத்தை எடு என்பதாகும். ஈடு கொடுக்கவும் யாரும் இல்லை. எனவே நமக்கு ஏற்றது இரண்டாவது வழி. தேசியப் பால்வள வாரியத்தின் துணை நிறுவனமான ஐதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ், ஜி-ஈ நீக்கிய தடுப்பூசியை இப்போது சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறது. இது உறங்கும் வைரஸை விரட்டாது. மாடு கொட்டும் வைரஸின் அளவைக் குறைக்கும். புதிய மாட்டைத் தொற்ற அதிக வைரஸ் தேவைப்படும்படி செய்யும். மந்தையில் நோய் மெல்ல மெல்லத் தேயும். அதற்குப் பொறுமையும் பதிவேடும் வேண்டும்.

ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. ஜி-ஈ உள்ள முழு வைரஸ் தடுப்பூசிகளும் உலகச் சந்தையில் உண்டு. அவற்றில் ஒன்றை ஒரு பெரிய பண்ணை போட்டுவிட்டால், அந்தப் பண்ணையின் மாடுகள் இரண்டு தட்டிலும் வெளிறும். அந்த மாடுகள் கைமாறி நான்கு கொட்டகைக்குப் போனபின், எது தொற்று, எது ஊசி என்று யாராலும் சொல்ல முடியாது. மூன்று மாநில மாடுகள் கலக்கும் எல்லை வட்டாரத்தில் இந்தக் குழப்பம் ஒரு முறை நுழைந்தால் அந்த மாடுகளின் ஆயுள் வரை தீராது. எனவே என் முடிவு திட்டவட்டமானது: கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஐ.பி.ஆர். தடுப்பூசி போடுவதென்றால் ஜி-ஈ நீக்கியதை மட்டுமே போடவேண்டும். போடுவதற்கு முன் சீரம் எடுத்துப் பார்க்கவேண்டும். போட்ட தேதி அந்த மாட்டின் காதுவில்லை எண்ணோடு பதிவாக வேண்டும்.

விந்து வழி இன்னொரு கதவு. பாதித்த காளையின் விந்திலும் இந்த வைரஸ் வரும். விந்தில் சேர்க்கும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பாக்டீரியாவைத்தான் கொல்லும். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன், விந்தணுவைக் காப்பது போலவே வைரஸின் உறையையும் கெடாமல் காக்கும். அதனால்தான் உறைவிந்து நிலையக் காளைகளை ஐ.பி.ஆர். உட்பட பல நோய்களுக்குப் பரிசோதிக்க வேண்டும் என்று மத்திய அரசின் தரநெறி சொல்கிறது. 1824இல் குதிரைகளுக்காகத் தொடங்கி மாட்டுப் பண்ணையாக மாறிய ஓசூர் மத்திகிரிப் பண்ணை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. இனப்பெருக்கக் காளையின் நலம் ஒரு பகுதி முழுவதையும் தொடும் என்பது இங்குள்ளவர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கவலை தருவது சினை ஊசியை விட, ‘ரெண்டு தடவ ஊசி போட்டும் நிக்கல’ என்று கடைசியில் ஓட்டிப்போகும் பொலிகாளை. அதன் இரத்தத்தை யாரும் பார்த்ததில்லை.

பெங்களூரு எலகங்காவில் உள்ள தேசியக் கால்நடை நோய்ப்பரவலியல் நிறுவனம் இந்த நோய்க்கு ஓர் எலிசா முறையை உருவாக்கிய இடம். பர்கூரிலிருந்து காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் மாதிரியைக் கொடுத்துவிடலாம். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு வழியாக அனுப்புவதே முறை. ஆக, மாடு வைத்திருக்கும் வீடுகளுக்கும் அவர்களோடு நிற்கும் கால்நடை ஆய்வாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நடுச்சினையில் கன்று வீசினால் அதை உடனே புதைத்துவிட வேண்டாம். வெறுங்கையால் தொடாமல், கன்றையும் நஞ்சுக்கொடியையும் தனியே வைத்து மருத்துவருக்குச் சொல்லுங்கள். தாயின் சீரத்தை அன்றும், மூன்று வாரம் கழித்து மறுமுறையும் எடுக்கச் சொல்லுங்கள். புருசெல்லாவுக்கு மட்டும் பார்த்து நிறுத்தாமல், ஐ.பி.ஆருக்கும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சந்தையில் வாங்கிய மாட்டை மூன்று வாரமாவது சினைமாடுகளிடமிருந்து தள்ளிக் கட்டுங்கள்.